அடீனியம் பூத்துக் குலுங்குகிறது, தேனீயைக் காணோம்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

செடியோடு வரும் சின்ன அட்டையில் ‘தேனீ, பட்டாம்பூச்சிகளைக் கவரும்’ என்று ஒரு வரி இருக்கும். பாலைவன ரோஜா என்கிற அடீனியத்துக்கும் அந்த வரியைத் தயங்காமல் போட்டுவிடுகிறார்கள். நானும் அதை நம்பித்தான் முதல் செடியை வாங்கினேன். பூசணியும் வெள்ளரியும் பிஞ்சிலேயே வெம்பிக்கொண்டிருந்தன. நாலு தேனீ வந்து போனால் காய் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். அடீனியம் தொட்டி கொள்ளாமல் பூத்தது. பிஞ்சு வெம்புவது மட்டும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு இந்தப் பூவைக் கிழித்துப் பார்த்தும், அந்தி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தும் தெரிந்துகொண்டதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் செடியில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். முதல் அறிகுறியை மட்டும் தாண்டிவிடாதீர்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

கைவைப்பதற்கு முன் ஒரு விஷயம். இந்தச் செடியின் பால் நஞ்சு. இதயத்துடிப்பைத் தடம் மாற்றும் கிளைகோசைடு என்கிற வேதிப்பொருள்கள் அதில் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவிய நஞ்சுகளில் இதுவும் ஒன்று. பூவைக் கிழித்தாலும் கிளையை வெட்டினாலும் கையுறை போடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தேன் இருக்கிறதா என்று பூவின் அடியை உறிஞ்சிப் பார்க்கும் சின்ன வயசுப் பழக்கம் இங்கே கூடவே கூடாது.

அறிகுறி 1: செடி முழுக்கப் பூ, ஒரு தேனீகூட உட்காரவில்லை

செடியில் கோளாறு எதுவும் இல்லை. பூவின் அமைப்பே அப்படி.

ஒரு பூவைப் பறித்துக் குழாயை நீளவாக்கில் கிழியுங்கள். செம்பருத்தியில் மகரந்தம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், விரல் பட்டால் ஒட்டும். இதில் அப்படி ஒன்றுமே கண்ணில் படாது. தொண்டையிலிருந்து எட்டிப் பார்க்கும் மெல்லிய, மயிரடர்ந்த இழைகளை மகரந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அவை மகரந்தப்பைகளின் நுனியில் முளைத்த வால்கள், தூள் எதுவும் அவற்றில் கிடையாது. ஐந்து மகரந்தப்பைகளும் உள்ளே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, குவித்துக் கட்டிய கூடாரம் மாதிரி கூம்பாக நிற்கின்றன. மகரந்தம் அந்தக் கூம்புக்குள்தான் கொட்டுகிறது. கூம்பின் நடுவே தலை பருத்த சூலகமுடி இருக்கிறது. அதில் மகரந்தத்தை ஏற்கும் இடம் உச்சியில் இல்லை, தலையின் கீழ்விளிம்பில் குடைக்கு அடியில் ஒளிந்திருப்பதுபோல் இருக்கிறது.

அதாவது பொருளும் பூட்டிக் கிடக்கிறது, போய்ச்சேர வேண்டிய இடமும் பூட்டிக் கிடக்கிறது. சாவி எது? நீளமான, மெல்லிய நாக்கு. அப்படிப்பட்ட நாக்கு மகரந்தப்பைகளுக்கு இடையிலுள்ள இடுக்கில் நுழைந்து, மேல்நோக்கி வெளியே வரும்போது முதலில் சூலகமுடியின் கீழ்விளிம்பை உரசுகிறது. முந்தைய பூவிலிருந்து ஒட்டிவந்த மகரந்தம் அங்கே வழிக்கப்படுகிறது. அதற்கு மேலே நாக்கில் கொஞ்சம் பசை ஒட்டுகிறது. அதற்கும் மேலே புது மகரந்தம் அந்தப் பசையில் பிடித்துக்கொள்கிறது. இறக்குமதி முடிந்த பிறகுதான் ஏற்றுமதி. தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல் பார்த்துக்கொள்ள இதைவிடக் கறாரான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

சாதாரணத் தேனீ பூவுக்கு வருவது இரண்டு காரணங்களுக்காக: தேன், மகரந்தம். மகரந்தம் கூம்புக்குள் இருப்பதால் காலில் உருட்டி எடுத்துப்போக வழியில்லை. குழாயின் அடி அதன் குட்டை நாக்குக்கு எட்டாது. போதாக்குறைக்கு நிறம் வேறு. தேனீக்குச் சிவப்பு ஒரு நிறமாகவே தெரியாது, நீலம், மஞ்சள், புற ஊதா ஆகியவைதான் அதன் உலகம். அடீனியத்தில் விற்பனைக்கு ஓடுவதெல்லாம் அடர்சிவப்பும் சிவப்போரமும்தான். வாசனையும் பெரும்பாலான வகைகளில் இல்லை, இருந்தாலும் மூக்கை வைத்துத் தேடவேண்டும்.

உறவுக்காரர்களைப் பார்த்தால் இன்னும் புரியும். பெயரில்தான் ரோஜா. குடும்பத்தில் இது அரளிக்கும் நித்தியகல்யாணிக்கும் எருக்குக்கும் சொந்தம். ஏமனில் இந்தச் செடியைப் பார்த்துப் பதிவு செய்த ஸ்வீடன் தாவரவியலாளர் பீட்டர் ஃபோர்ஸ்கால் அங்கேயே 1763-இல் இறந்துபோனார். அவர் குறிப்புகள் 1775-இல் அச்சானபோது இது அரளிப் பேரினத்தில்தான் சேர்க்கப்பட்டிருந்தது. ஏடன் துறைமுகத்தின் பெயரை வைத்து அடீனியம் என்று தனியாகப் பிரித்தது 1819-இல். அந்த அரளியின் பூவில் தேனே கிடையாது. தேன் இருப்பதுபோல் பாவனை காட்டி வரும் பூச்சியை ஏமாற்றி அனுப்புகிறது. இன்னொரு சொந்தமான பெருங்கள்ளிப் பூ, நாம் பிளுமேரியா என்று வளர்ப்பது, இரவில் மணம் வீசி அந்துப்பூச்சிகளை அதேபோல் ஏமாற்றுகிறது. விருந்தாளியை உபசரிப்பதில் பேர்போன குடும்பம் இல்லை இது.

சரி, என்ன செய்யலாம்? அடீனியத்தின்மேல் சர்க்கரைத் தண்ணீர் தெளிக்கும் யோசனை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். வேண்டாம். எறும்பும் பூஞ்சையும்தான் வரும். தேனீ வேண்டுமென்றால் அதற்கான செடியை வையுங்கள். துளசியைக் கதிர் கிள்ளாமல் பூக்க விடுங்கள். தும்பை தானாக முளைத்தால் பிடுங்காதீர்கள். கொத்தமல்லியில் கொஞ்சம் பூக்க விட்டால் குடைகுடையாகத் திறந்து கிடக்கும் அந்தப் பொடிப்பூக்களில் குட்டை நாக்குக்காரர்கள் எல்லோரும் உட்காரலாம், கொசுத்தேனீயும் வரும், தேனீ வேஷம் போட்டுத் திரியும் பூ ஈயும் வரும். காஸ்மாஸ், சூரியகாந்தி, ஒற்றை இதழ் ஜின்னியா இவையும் அப்படியே. என் வெள்ளரி காய்த்தது துளசி வந்த பிறகுதான். அடீனியம் அப்போதும் அழகாகத்தான் நின்றுகொண்டிருந்தது.

அறிகுறி 2: தேனீ வருகிறது, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறது

இது முதல் அறிகுறியின் தொடர்ச்சி. வெளிர் ரோஜா, வெள்ளை வகைகளில் அடிக்கடி நடக்கும். தொண்டைக்குள் ஓடும் கோடுகள் பாதை காட்டும், அதை நம்பித் தேனீ இறங்கும், உள்ளே தலையை விடும், கூம்பில் முட்டும், கிளம்பிவிடும். அதே தேனீ கொஞ்ச நேரத்தில் பாடம் கற்றுக்கொண்டு அந்தப் பக்கமே வராது. பூ திறந்த முதல் நாட்களில் இரண்டு மூன்று வருகை, பிறகு வெறிச்சோடிப் போவது என்றால் காரணம் இதுதான்.

‘வந்தது’ என்பதற்கும் ‘பலனடைந்தது’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பூவில் தேனீ உட்கார்ந்த புகைப்படம் எதையும் நிரூபிப்பதில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை வந்தன, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் தங்கியது, அடுத்த அடீனியப் பூவுக்குப் போனதா அல்லது விட்டது சனி என்று துளசிக்குத் தாவியதா என்று எழுதுங்கள். காலையில் ஒருமுறை, அந்தி மங்கும்போது ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை. இரவில் டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டால் அந்துப்பூச்சிகள் அவ்வளவாகக் கலைவதில்லை. பக்கத்துத் தொட்டியில் பூத்திருக்கும் வேறொரு செடிக்கும் அதே கணக்கை எடுத்து ஒப்பிடுங்கள். ஒப்பீடு இல்லாத எண் வெறும் எண்.

அறிகுறி 3: அடுக்குப் பூ வகை, எதுவுமே எட்டிப்பார்ப்பதில்லை

தாய்லாந்திலும் தைவானிலும் உருவாக்கப்பட்ட இரண்டடுக்கு, மூன்றடுக்கு வகைகள் பார்க்க ரோஜா மாதிரியே இருக்கும். கூடுதல் இதழ்கள் தொண்டையை அடைத்துவிடுகின்றன. ஏற்கெனவே பூட்டிய வீட்டின் வாசலில் சோபாவைப் போட்டு மறித்த கதை. நீள நாக்கு வந்தாலும் நுழைவது கஷ்டம். இதற்குத் தீர்வு கிடையாது, தேவையும் இல்லை. அழகுக்கு வாங்கியது அழகைத் தருகிறது. பூச்சிகளுக்கு ஒரு வாய்ப்பாவது தர நினைத்தால் ஒற்றை இதழ் வகையை, அதிலும் விதையிலிருந்து முளைத்த செடியை, ஒன்றுக்கு மேற்பட்டதாக வையுங்கள்.

அறிகுறி 4: தேனீ இல்லை, எறும்பு மட்டும் மொட்டில் சாரை சாரையாக ஏறுகிறது

‘பூவில் தேன் நிறைய இருக்கிறதுபோல’ என்று சந்தோஷப்படாதீர்கள். மொட்டுக் காம்பைத் திருப்பிப் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சள் உடலும் கறுப்புக் காலுமாக ஒட்டிக்கொண்டிருப்பது அரளி அசுவினி. எறும்பு வந்தது அது கழிக்கும் இனிப்பு நீருக்காக. இந்த அசுவினிக் கூட்டத்தில் எல்லாம் பெண்ணாகவே இருக்கும், ஆண் துணையில்லாமல் குட்டி போட்டுப் பெருகும். நேற்று நாலு, இன்று நாற்பது என்று தெரிவது அதனால்தான். விரியாமல் மொட்டு கோணிப்போகும், இலை பிசுபிசுக்கும், பிறகு கரும்பூஞ்சை படரும்.

முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் தள்ளுங்கள். மூன்று நாள் தொடர்ந்து செய்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் திரவ சோப்பு. வெயில் சாய்ந்த பிறகு தெளியுங்கள், நல்ல வெயிலில் எண்ணெய் பட்ட இலை கருகும், பறந்துகொண்டிருக்கும் தேனீ மேலும் படும். பொறிவண்டோ அதன் முதலை போன்ற புழுவோ கண்ணில் பட்டால் தெளிப்பதைத் தள்ளிப்போடுங்கள். வேலையாள் வந்துவிட்டான்.

அறிகுறி 5: ஒரே இரவில் இலை காணாமல் போகிறது, தரையில் கறுப்பு உருண்டைகள்

இந்தப் பகுதியை நான் விரும்பி எழுதுகிறேன், ஏனென்றால் அட்டையில் எழுதிய பொய்க்குள் ஒளிந்திருக்கும் உண்மை இங்கேதான் இருக்கிறது.

கிளையை அடியிலிருந்து பாருங்கள். விரல் தடிமனில், ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்தில் பச்சைப்புழு இருக்கும். தொந்தரவு செய்தால் தலையை உள்ளிழுத்து, நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய கண்களைக் காட்டும். அவை நிஜக் கண்கள் இல்லை, பறவையை மிரட்ட வரைந்த பொம்மைக் கண்கள். அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. கூட்டிலிருந்து வெளிவரும் அந்துப்பூச்சி அந்தியில் பூமுன் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும், மணமுள்ள வெளிர் நிறப் பூக்களைத் தேடிப் போகும்.

இன்னொரு புழுவும் வரலாம். குறுக்கே கறுப்பும் வெள்ளையுமாக வரி, முதுகில் நான்கு ஜோடி மென்மையான கறுப்புக் கொம்புகள். அதன் கூட்டுப்புழு உருக்கிய பொன்னில் முக்கியெடுத்ததுபோல் இலையடியில் தொங்கும். வெளிவருவது பழுப்பு இறக்கையின் ஓரத்தில் வெண்புள்ளிகள் பதித்த பட்டாம்பூச்சி. அடீனியம், அரளி, ஆல மரவகைகளின் இலைதான் அந்தப் புழுக்களின் சாப்பாடு.

ஆகவே அடீனியம் மகரந்தக்காரர்களுக்கு ஒன்றுமே தருவதில்லை என்று சொன்னால் அது தப்பு. பூவில் கதவைச் சாத்திக்கொண்டு இலையில் பந்தி வைக்கிறது. நாம் பூவைப் பார்த்துக்கொண்டு தேனீயைத் தேடினோம், பந்தி நடந்தது வேறு கூடத்தில்.

மருந்தடிக்கும் முன் யோசியுங்கள். நன்றாக வேர்பிடித்த செடி இலை முழுதும் போனாலும் பருத்த அடித்தண்டில் சேமிப்பு வைத்திருக்கிறது, மூன்று நாலு வாரத்தில் துளிர்த்துவிடும். சின்னக் கன்று என்றால் தாங்காது. கையுறையோடு புழுவை எடுத்து அரளிச் செடி எங்காவது இருந்தால் அதில் விடுங்கள். கொய்யாவிலோ ரோஜாவிலோ விட்டால் பட்டினி கிடந்து செத்துப்போகும்.

அறிகுறி 6: அடீனியத்தில் மட்டுமில்லை, தோட்டம் முழுக்கவே பூச்சி நடமாட்டம் குறைந்துவிட்டது

கடைசியாக என்ன ஊற்றினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். வேரில் மாவுப்பூச்சி என்று இமிடாக்ளோபிரிட் அல்லது தயாமீத்தாக்சாம் கரைத்து விட்டீர்களா? இவை வேர் வழியாக ஏறிச் செடி முழுக்கப் பரவும் மருந்துகள். இலைக்கும் போகும், தேன் சுரக்கும் செடிகளில் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இந்த இரண்டையும், இதே வகை மருந்தான குளோதியானிடினையும் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்தது தேனீக்களுக்கு நேரும் ஆபத்தினால்தான். அடீனியத் தொட்டிக்கு விட்டது வழிந்து அடுத்த தொட்டித் துளசிக்குப் போனால் கதை அங்கே முடியும்.

மாவுப்பூச்சிக்கு வேறு வழி இருக்கிறது: செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, அழுகியதை நறுக்கி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்துப் புது மண்ணில் நடுவது. அடீனியம் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கும்.

அறிகுறி 7: மொட்டு விரியாமலே உதிர்கிறது

பூச்சி வருவதற்கு முன் பூ வேண்டுமே. ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த வெயில், நனைந்தே கிடக்கும் மண், திடீரென இடம் மாற்றிய தொட்டி, இந்த மூன்றையும் வரிசையாகச் சரிபாருங்கள். மொட்டின் நுனி கருகி, விரிந்த பூவில் வெளுத்த கீற்றுகள் இருந்தால் இலைப்பேன். மொட்டே இல்லாமல் இலை மட்டும் செழித்தால் தழைச்சத்து அதிகம்.

அறிகுறி 8: இத்தனை வருஷமாகப் பூக்கிறது, ஒரு காய் கூடப் பிடிக்கவில்லை

இரண்டு காரணம். பூட்டுக்குச் சாவி வரவில்லை என்பது ஒன்று. மற்றது, உங்களிடம் இருப்பது ஒரே செடி, அல்லது ஒரே தாயிலிருந்து எடுத்த ஒட்டுகள். பத்து தொட்டி இருந்தாலும் ஒட்டு ஒன்றே என்றால் கணக்கில் அது ஒரே செடிதான். அடீனியம் பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை.

கையால் சேர்க்கலாம். நிறம் வேறான இரண்டு செடிகளில் பூத்து ஓரிரு நாளான பூக்களை எடுத்துக்கொள்ளுங்கள். தகப்பன் பூவைப் பறித்து, குழாயைக் கிழித்து, கூம்பின் வால்களைப் பிடித்து மெதுவாகப் பிரித்தால் உள்பக்கம் வெளிர்மஞ்சள் கட்டி தெரியும். நுனி ஈரமான மெல்லிய தூரிகையில் அல்லது சீவிய பல்குச்சியில் அதை எடுங்கள். தாய்ப்பூவைப் பறிக்காமல் ஒரு பக்கம் மட்டும் இதழையும் குழாயையும் கிழித்து, கூம்பைத் திறந்து காட்டுங்கள். கூம்பின் உச்சியில் தடவினால் பலனில்லை, பத்தில் ஒன்பது பேர் தோற்பது இங்கேதான். இரண்டு மகரந்தப்பைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கின் கீழ்ப்பகுதியில் நுனியை நுழைத்து, சூலகமுடியின் அடிவிளிம்பில் படும்படி ஒரு திருப்புத் திருப்பி எடுங்கள். பட்டாம்பூச்சி நாக்கு செய்யவேண்டிய வேலையைத்தான் செய்கிறீர்கள். பத்துப் பூவில் செய்தால் ஒன்றிரண்டு நின்றாலே கைராசி.

பிடித்திருந்தால் பூ உதிர்ந்த இடத்தில் எருமைக் கொம்பு மாதிரி ஜோடிக் காய் கிளம்பும். முற்ற இரண்டு மூன்று மாதம். பழுப்பேறும் முன்பே நூலால் இரண்டு இடத்தில் கட்டிவிடுங்கள். விதையின் இரண்டு முனையிலும் பஞ்சுக்குஞ்சம் இருப்பதால் காய் வெடித்த மறுநிமிடம் காற்றில் போய்விடும்.

அறிகுறி 9: யாரும் கைவைக்கவில்லை, தானாகவே காய் வந்திருக்கிறது

வாழ்த்துகள். உங்களுக்குத் தெரியாமல் நீள நாக்குக்காரர் யாரோ வந்து போயிருக்கிறார். தேனீயின் புகைப்படத்தைவிட இந்தக் காய்தான் நம்பத்தக்க சாட்சி, ஏனென்றால் இன்னொரு செடியின் மகரந்தம் சரியான இடுக்கில் இறங்காமல் இது வந்திருக்காது.

யார் என்று பிடிக்க வேண்டுமானால் அடுத்த பூப்பில் மெல்லிய வலைத்துணிப் பைகளைத் தயார் செய்யுங்கள். மொட்டிலேயே சிலவற்றுக்குப் பகலில் மட்டும் பை மாட்டுங்கள், சிலவற்றுக்கு இரவில் மட்டும், சிலவற்றைத் திறந்தே விடுங்கள், சிலவற்றை முழுநேரமும் மூடுங்கள். காம்பில் வண்ண நூல் கட்டி அடையாளம் வையுங்கள், மனப்பாடம் உதவாது. இரவில் திறந்திருந்தவை மட்டும் காய்த்தால் அந்துப்பூச்சி, பகலில் திறந்தவை மட்டும் காய்த்தால் பட்டாம்பூச்சியின் பக்கம் சந்தேகத்தைத் திருப்பலாம். காய் அபூர்வமாகப் பிடிக்கும் செடி என்பதால் ஒவ்வொரு வகைக்கும் இருபது பூவாவது வேண்டும். ஒரு பருவத்தில் முடியாமல் போகலாம்.

வந்தவர் முகம் தெரியாவிட்டாலும் எந்தச் செடியிலிருந்து வந்தார் என்பதற்குத் துப்புக் கிடைக்கும். விதைகளை ஆறவிடாமல் உடனே மணலில் படுக்கவைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். கன்றுகள் பூக்க ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். என்னுடைய வெள்ளைச் செடியில் தானாக வந்த ஒரே காயிலிருந்து ஏழு கன்றுகள் தேறின. அவற்றில் நான்கு பூத்தபோது இதழோரத்தில் அடர்சிவப்புக் கரை இருந்தது. அந்தக் கரை உள்ள செடி என்னிடம் கிடையாது.